ஐஸ் பெட்டிக்கு வந்த முகூர்த்த ஆர்டர்

அத்தியாயம் 4

துப்பறியும் நிறுவனம் என்றால் கொலையும் கடத்தலும் வாசலில் வரிசை கட்டி நிற்கும் என்று நினைப்பவர்கள், பெரம்பலூரில் வாடகை கொடுத்து ஒரு நிறுவனம் நடத்திப் பார்க்க வேண்டும். அனுசுயாவிடம் வந்ததெல்லாம் மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிப்பானா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா, ஏற்கெனவே எங்காவது ஒரு தாலி கட்டி வைத்திருக்கிறானா. பாலக்கரைப் பக்கம் கோழித்தீவனக் கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு அவள் நிறுத்தி வைத்த கல்யாணங்களால், அந்த வட்டாரத்துப் புரோகிதர்கள் பாதிப் பேர் அவளைக் கண்டால் தெருவை மாற்றிப் போனார்கள்.

அன்று காலை படியேறி வந்தவர் மாப்பிள்ளையைப் பற்றியும் கேட்கவில்லை, பெண்ணைப் பற்றியும் கேட்கவில்லை. நாற்காலியில் விழுந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேடம், என் வார்த்தையை எல்லாம் எவனோ மாத்திட்டானுங்க."

அனுசுயாவின் உதவியாளர் சின்னதுரை, தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அனுசுயாவைவிடப் பத்து வயது மூத்தவர். உடம்புதான் பஸ்ஸைவிட்டு இறங்கியிருந்தது, வாய் இன்னும் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"போனா போவுதுங்க. வாய் இருக்குல்ல? புதுசா பேசிக்கலாம்."

"பேசுற வார்த்தை இல்லண்ணே. வெப்சைட் வார்த்தை!"

அவர் பெயர் இளையபெருமாள். அரியலூர்க்காரர். இறந்தவர்களின் உடலை வைக்கிற, கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பெட்டியை வாடகைக்கு விடுவது தொழில். இருபது வருடமாகக் கௌரவமாக நடந்துவந்த தொழிலுக்கு மூன்று மாதம் முன்பு வெப்சைட் ஒன்று ஆரம்பித்திருக்கிறார். சனியன் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது.

"மொத மாசம் நல்லாத்தான் போச்சுங்க. அப்புறம் வர்ற போனெல்லாம் கல்யாண வூடு, காதுகுத்து வூடு. 'உங்ககிட்ட பந்தல் இருக்கா, பட்டுப்பாய் இருக்கா'ன்னு கேக்குறாங்க. அதைக்கூட பொறுத்துக்கிட்டேன். முந்தாநேத்து குன்னத்துல இருந்து ஒரு போன். 'வெப்சைட்ல படம் பார்த்தோம், மண்டபத்துக்கு ஒரு பெட்டி வேணும், விடியறதுக்குள்ள வந்துடணும்'னாங்க. எங்க அக்கா மவன் பிரசாத்துதான் வேன் ஓட்டுறான். கொண்டுட்டுப் போயிட்டான்."

"மண்டபத்துக்கா? யாருக்கு என்னன்னு கேக்கலையா?" என்றாள் அனுசுயா.

"எங்க தொழில்ல அதைக் கேக்கக் கூடாதுங்க. துக்கத்துல இருக்கறவங்ககிட்ட கேள்வி கேக்கலாமா? அட்ரஸ் மட்டும் கேப்போம். வாங்கன்னு சொல்ல மாட்டோம், போயிட்டு வரேன்னும் சொல்ல மாட்டோம்."

"அங்க போனா?"

"கல்யாணமுங்க."

அதற்குப் பிறகு இளையபெருமாள் சொன்னதைக் கேட்டு அனுசுயா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்தால் தொழிலுக்கு அழகில்லை. விடியற்காலை பிரசாத் மண்டபத்து வாசலில் இறங்கியிருக்கிறான். வாசலில் நின்றவரிடம் வழக்கம்போலக் கை கூப்பி, "மனசைத் தேத்திக்கங்க. எல்லார் வூட்லயும் ஒரு நாள் நடக்குறதுதான்" என்றிருக்கிறான். நின்றவர் பெண்ணின் அப்பா முத்தமிழ்செல்வன். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பப்போகிற ஏக்கத்தில் இருந்த மனிதர், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டார். 'இந்தத் தம்பிக்கு ஒரு காபி கொடுங்கப்பா' என்றும் சொல்லியிருக்கிறார்.

"அப்புறம்?"

"அப்புறம் வேன்ல இருந்து பெட்டியை எறக்குனான். காபியைப் புடுங்கிட்டாங்க."

அவர்கள் எதிர்பார்த்தது ஐஸ்கிரீம் வைக்கிற பெட்டி. வந்தது வேறு. தாலி கட்டி முடிந்துவிட்டது, ஆனால் முகூர்த்தத்துக்குப் பிணப்பெட்டி வந்த பெண் என்று மாப்பிள்ளை வீட்டில் முகம் கோணிவிட்டார்கள். பெட்டியை மண்டபத்து ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டிவிட்டது குன்னத்து ஊர்.

"இன்னிக்கு சாயந்திரம் அதே மண்டபத்துல கூட்டம் போட்டிருக்காங்க. வார்த்தையை எவன் மாத்துனான்னு ஆளைக் காட்டு, இல்லன்னா நீயே வேணும்னு பண்ணதா அர்த்தம், இனிமே இந்தப் பக்கம் உன் பெட்டி எதுவும் எட்டிப் பார்க்கக் கூடாதுங்கறாங்க. அந்தப் பக்கம் போச்சுன்னா எனக்குப் பொழப்பே போச்சு மேடம். எல்லாம் அந்த ராசாங்கம் பண்ண வேலை. அரியலூர்ல எனக்குப் போட்டின்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

"நீங்க நேரா குன்னம் போங்க. அவங்களைச் சமாதானமா வெச்சிக்கங்க. நான் ஆளோட வரேன்" என்றாள் அனுசுயா. சொல்லி முடித்த பிறகுதான் பயமாக இருந்தது.

படியிறங்கும்போது சின்னதுரை கேட்டார். "மேடம், நமக்கு இந்தக் கேஸ் சரிப்பட்டு வருமா?"

"ஏன்?"

"இதுவரைக்கும் நாம கல்யாணத்தைத்தான் நிறுத்தியிருக்கோம். கருமாதியை நடத்தி வெச்சதில்லையே."

*

வெப்சைட் செய்து கொடுத்த கோகுலகிருஷ்ணனின் அலுவலகம், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. மூன்று பேர் உட்கார்ந்தால் நாலாவது ஆளாக ஒரு டேபிள் ஃபேன் மட்டும் நிற்கலாம்.

"கீவேர்டுன்னா என்னன்னு மொதல்ல புரிஞ்சிக்கணும் மேடம்" என்று ஆரம்பித்தான் அவன். உபதேசம் செய்கிற வேகம் இருந்தது. "ஒரு வூட்ல ஒருத்தர் தவறிட்டார். எல்லாரும் அழுதுட்டு இருப்பாங்க. ஒருத்தன் மட்டும் ஓரமா நின்னு போனைத் தடவுவான். அந்த நேரத்துல அவன் என்ன டைப் பண்ணுவான்? அதைக் கண்டுபுடிச்சு நாம முன்கூட்டியே எழுதி வெச்சிடணும். அவன் தேடுறப்ப நாமதான் மொத ஆளா போய் நிக்கணும்."

"எமன் செய்யற வேலைதானே தம்பி இது?" என்றார் சின்னதுரை. "அவரும் முன்கூட்டியே எழுதி வெச்சிக்கிட்டுத்தான் வந்து நிப்பாரு."

கோகுலகிருஷ்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. "இளையபெருமாள் சார் 'இறைவனடி சேர்ந்தோர்க்கான குளிர்சாதனப் பேழை'ன்னு எழுதிக் கொடுத்தாரு. அழுதுட்டு இருக்கறவன் அதை டைப் பண்ணுவானா? பட்டுன்னு ஒத்தை வார்த்தை இருக்கணும். அதோட ஊர் பேரு சேரணும். ஊர் பேரு முன்னாடி, சமாச்சாரம் பின்னாடி. குன்னம் பிளம்பர், குன்னம் பியூட்டி பார்லர்னு தேடுறாங்கல்ல, அது மாதிரி. ரெண்டு மாவட்டத்துல ஒரு ஊர் விடாம போட்டேன் மேடம். இப்ப பாருங்க."

திரையைத் திருப்பினான். மாற்றியவர் விட்டுவைத்திருந்த வார்த்தைகள் வரிசையாக நின்றன. குன்னம் சுபமுகூர்த்தம். வேப்பந்தட்டை வளைகாப்பு. செந்துறை காதுகுத்து. உடையார்பாளையம் புதுமனை புகுவிழா. கங்கைகொண்ட சோழபுரம் அறுபதாம் கல்யாணம்.

"உள்ள எப்படி வந்தான்?"

"பூட்டை உடைச்சு வரல மேடம். பாஸ்வேர்டு போட்டே வந்திருக்கான்."

"பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?"

கோகுலகிருஷ்ணன் தலையைச் சொறிந்தான். "சாருக்கு அது மறந்து மறந்து போவுது. அதனால வேனுக்குப் பின்னாடி பெயிண்ட்ல எழுதிட்டாரு. போன் நம்பருக்குக் கீழ."

அனுசுயா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வேன் போகாத ஊர் இரண்டு மாவட்டத்திலும் கிடையாது.

"சுலபம்தான் மேடம்" என்றார் சின்னதுரை. "வாக்காளர் பட்டியலை எடுப்போம். அதுல எழுதப் படிக்கத் தெரியாதவங்களைக் கழிச்சிடுவோம். மிச்சம் இருக்கறவங்கள்ல ஒருத்தன்தான்."

அனுசுயா திரையை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ஏதோ உறுத்தியது. போட்டிக்காரன் உள்ளே புகுந்தால் வார்த்தையை அழித்துவிட்டுப் போவான், அல்லது தன் போன் நம்பரைப் போட்டுக்கொள்வான். இவ்வளவு ஊருக்கும் பொறுமையாக உட்கார்ந்து ஆளுக்கொரு மங்கல வார்த்தை தேடி எழுதுவானா? இது சேதம் செய்த கை இல்லை. வாழ்த்திய கை.

திரை ஓரிடத்தில் நின்றது. மற்ற ஊர்களுக்கெல்லாம் ஒரே ஒரு வாழ்த்துதான். ஒரு ஊருக்கு மட்டும் முடிவே இல்லாமல் போயிற்று. குரும்பலூர் சுபமுகூர்த்தம். குரும்பலூர் அரசாங்க வேலை. குரும்பலூர் இரட்டைக் குழந்தை. குரும்பலூர் நல்ல மழை. குரும்பலூர் மூட்டுவலி குணம். குரும்பலூர் நூறு வயசு.

"குரும்பலூர் மேல யாருக்கோ கொள்ளைப் பிரியம்" என்றாள்.

"எம்.எல்.ஏ.கூட இவ்வளவு சொல்ல மாட்டாரு" என்றார் சின்னதுரை.

கிளம்பும்போது கோகுலகிருஷ்ணன் பின்னாலேயே வந்தான். "மேடம், சாயந்திரம் லேப்டாப்போட குன்னத்துக்கு வரச் சொல்லியிருக்காரு சார். முன்னாடி என்ன வார்த்தை இருந்துச்சுன்னு நான் எடுத்து வெச்சிருக்கேன். அதை ஊருக்குக் காட்டினா அவர் மேல தப்பில்லைன்னு தெரிஞ்சிடும்ல?"

"நல்ல யோசனை. கொண்டு போங்க" என்றாள் அனுசுயா. குரும்பலூர் நினைப்பிலேயே இருந்ததால், அந்தப் பழைய வார்த்தைகளை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் வாழ்நாளில் அவள் சொன்ன அசட்டு வாக்கியங்களில் அந்த 'கொண்டு போங்க'வுக்கு நிச்சயம் முதலிடம் உண்டு.

*

சின்னதுரையின் ஆம்னி வேன், சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து அரியலூர் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. ராசாங்கம் தன் கடையில் ஒரு ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். பெட்டியின் மோட்டார் காற்று அவருக்குச் சுகமாக வந்துகொண்டிருந்தது.

"வெப்சைட்டா?" என்று எழுந்து உட்கார்ந்தார். "எனக்கு எதுக்குங்க அது? மாலைக் கடைக்காரன் எனக்கு மச்சான் முறை. ஆள் உயர மாலை கேட்டு யாராச்சும் வந்தா, 'உதிரிப்பூ எத்தனை கூடை'ன்னு கேப்பான். நிறைய வேணும்னா எனக்குப் போன் பண்ணிடுவான். டீக்கடையில திடீர்னு பெரிய கேன்ல டீ கேட்டாலும் எனக்குச் சேதி வந்துடும். அவன் கம்ப்யூட்டர்ல தேடி முடிக்கறதுக்குள்ள என் பெட்டி வாசல்ல நிக்கும்."

சின்னதுரை, அனுசுயாவின் காதருகே வந்தார். "மேடம், நம்ம ஆபீசை இவர்கிட்ட ஒப்படைச்சிடலாம்."

அனுசுயா வேறு ஒன்றைக் கேட்டாள். பத்து வருடமாக மாப்பிள்ளை விசாரணை செய்த வாய்க்கு அந்தக் கேள்விதான் வரும். "உங்களுக்குச் சொந்த ஊரு குரும்பலூருங்களா?"

"நமக்கு ஜெயங்கொண்டம். குரும்பலூர்ல பொண்ணு எடுத்தவன் அவன்ல?"

"யாரு?"

"இளையபெருமாள்தான். அவன் பொண்டாட்டி லீலாவதி எனக்குத் தங்கச்சி மாதிரி. அதுக்குப் பொறந்த வூடு அங்கதான்."

அனுசுயாவும் சின்னதுரையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரிங்க, போயிட்டு வரோம்" என்றார் சின்னதுரை.

ராசாங்கம் காதைப் பொத்திக்கொண்டார். "இந்தக் கடையில அந்த வார்த்தையைச் சொல்லாதீங்கய்யா!"

*

இளையபெருமாள் வீட்டுக் கொட்டகையில் மிச்சமிருந்த இரண்டு ஃப்ரீசர் பெட்டிகளைச் சுற்றியும் கோலம் போட்டிருந்தது. ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு முழம் மல்லிகை. குன்னத்துக்காரர்கள் படத்தைப் பார்த்து ஏமாந்ததில் ஆச்சரியம் இல்லை.

லீலாவதி கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள். ஐம்பது வயது இருக்கும். நெற்றி நிறையக் குங்குமம்.

அனுசுயா சுற்றி வளைக்கவில்லை. "குரும்பலூர்ல யாருக்கு அரசாங்க வேலை கிடைக்கணும்க்கா?"

"என் தம்பி மவளுக்கு" என்றாள் லீலாவதி சட்டென்று.

"இரட்டைக் குழந்தை?"

"என் கடைசித் தங்கச்சிக்குங்க. கல்யாணம் ஆயி ஏழு வருஷமா..." அங்கேதான் அவளுக்கு உறைத்தது. கரண்டி கீழே விழுந்தது. அவளும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூட்டுவலி யாருக்குன்னும் கேட்டுடுங்க மேடம், நமக்கும் மருந்து தெரிஞ்சா நல்லது" என்ற சின்னதுரையை அனுசுயா ஒரு பார்வையில் அடக்கினாள்.

"ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க? உங்க வூட்டுக்காரர் பொழப்புல்ல?"

லீலாவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமைங்க. வெளக்கு வெக்கிற நேரம். அவரு வந்து உக்காந்து, 'லீலா, வெப்சைட்டுக்கு வார்த்தை ரெடியாயிடுச்சு, கேளு'ன்னு படிக்க ஆரம்பிச்சாரு. செந்துறை சாவு. வேப்பந்தட்டை சாவு. குன்னம் சாவு. ஊர் ஊரா போவுது. நான் திரியைக் கையில வெச்சிக்கிட்டு நிக்கிறேன். குரும்பலூர் சாவுன்னாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. என் ஆத்தா அப்பன், அண்ணன் தம்பி எல்லாம் இருக்கற ஊருங்க அது."

"அது விளம்பரம்தானேக்கா. யாராச்சும் தேடுறப்ப..."

"அந்த வெப்சைட் தம்பி எனக்கும் வெளக்கிச் சொல்லிச்சு மேடம். நாம எந்த வார்த்தையை எழுதி வெக்கிறமோ, அதுதான் நம்மளைத் தேடிக்கிட்டு வரும்னு. அப்ப நான் எந்த வார்த்தையை எழுதுறது?"

தொழில்நுட்பரீதியாகச் சொன்னால் கோகுலகிருஷ்ணன் சொன்னது சரி. லீலாவதி புரிந்துகொண்டதும் சரி.

"பொறுத்துப் பார்த்தேன். ஒரு மாசத்துக்கு மேல முடியல. ஒரு வெள்ளிக்கிழமை நானே உக்காந்து மாத்திட்டேன். எங்க ஊருக்கு மட்டும் மாத்துனா மத்த ஊருங்க பாவம் இல்லையா? அதனால எல்லாத்துக்கும் போட்டுட்டேன்."

"பாஸ்வேர்டு?"

"வேன்லதான் எழுதியிருக்கே."

திடீரென்று சின்னதுரை தலையில் அடித்துக்கொண்டார். கண்டக்டர் மூளை எப்போதும் அடுத்த ஸ்டாப்பில்தான் இருக்கும். "மேடம். அந்த லேப்டாப் தம்பி இப்ப எங்க இருப்பான்?"

அனுசுயா போனை எடுத்தாள். ஊருக்கு நடுவில் நின்று, என் மேல் தப்பில்லை என்று நிரூபிக்க, 'குன்னம் சாவு' என்று நாங்கள்தான் எழுதி வைத்திருந்தோம் என ஆதாரம் காட்டப்போகிறார் இளையபெருமாள். காட்டச் சொன்னதும் அவள்தான்.

இளையபெருமாளின் பட்டன் போன் அணைந்திருந்தது. சபையில் பேசும்போது போனை அணைத்துவிடுவது அவர் மரியாதை என்றாள் லீலாவதி. கோகுலகிருஷ்ணனின் போன், தொடர்பு எல்லைக்கு வெளியே நின்று பாட்டுப் பாடியது.

"நீங்க இருங்கக்கா. நான் ஏதாச்சும் கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லிச் சமாளிச்சிடறேன். உங்க பேரு வெளிய வராது."

லீலாவதி அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். "அவரை அடிச்சுப்புட்டாங்கன்னா என் பேரை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? வண்டியை எடுங்க."

*

மண்டபத்துக்குள் நுழைந்தபோது கூட்டம் நிறைந்திருந்தது. கல்யாணத்துக்கு வந்துவிட்டு இன்னும் ஊர் திரும்பாத உறவுக்காரர்களும், மாப்பிள்ளை வீட்டாரும், குன்னத்துக்காரர்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் இளையபெருமாள் கோர்ட்டில் வாதாடுகிறவர்போல நின்றார். அவருக்குப் பின்னால், மணமக்கள் படம் ஓட்டுவதற்காக வாடகைக்கு எடுத்த ராட்சத எல்.இ.டி. திரை.

அதில் கோகுலகிருஷ்ணன் லேப்டாப்பைச் சொருகிக்கொண்டிருந்தான்.

"தம்பி, வேணாம்!" என்று அனுசுயா கத்தினாள்.

"நல்லா பாருங்கய்யா!" என்று இளையபெருமாள் அதைவிடப் பெரிதாகக் கத்தினார். "என் வார்த்தை எவ்வளவு சுத்தமா இருந்துச்சுன்னு!"

திரை பளிச்சென்று எரிந்தது. ஆள் உயர எழுத்தில், சுற்றிலும் சின்னச் சின்ன ரோஜாப்பூக்களும் இதயங்களும் மின்ன, ஊர் முழுக்கப் படித்தது: குன்னம் சாவு.

மேலே ஓடிய ஃபேன்கூட யோசித்துச் சுற்றியது.

முன்வரிசையில் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். "எங்க ஊரு பேரைப் போட்டு... எத்தனை நாளா எழுதி வெச்சிருந்தடா?"

"ஒரு மாசத்துக்கு மேல இருந்துச்சுங்கய்யா" என்றார் இளையபெருமாள் இன்னும் பெருமையோடு.

"அந்த மாசத்துலதான்டா எங்க தெருவுல ரெண்டு பேரு போயிட்டாங்க!"

"ஆமாங்க, ரெண்டுக்கும் நம்ம பெட்டிதான் வந்துச்சு" என்று ஓரத்திலிருந்து பிரசாத் நல்லெண்ணத்தோடு எடுத்துக் கொடுத்தான்.

நாற்காலிகள் கவிழ்ந்தன. "உங்க ஊருக்கு மட்டும் போடலைங்க, எல்லா ஊருக்கும் போட்டிருக்கோம்" என்று நிலைமையைச் சமாளிக்க நினைத்த கோகுலகிருஷ்ணன் திரையைக் கீழே தள்ளினான். செந்துறை சாவு என்றதும் செந்துறை சம்பந்தி எழுந்தார். வேப்பந்தட்டை சாவு என்றதும் வேப்பந்தட்டைச் சித்தப்பா எழுந்தார். அதுவரை சும்மா வேடிக்கை பார்த்த சமையல்காரர்கூடத் தன் ஊர்ப் பெயர் வந்ததும் சாரணிக் கரண்டியோடு வெளியே வந்தார்.

"மேடம், நம்ம வண்டி ரிவர்ஸ்லதான் நிக்குது" என்றார் சின்னதுரை.

அதற்குள் லீலாவதி மேடையேறியிருந்தாள். மைக்கை வாங்கினாள்.

"வார்த்தையை மாத்துனது நான்தாங்க. அவரு பொண்டாட்டி. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

இளையபெருமாள் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்.

"கடை வெச்சிருக்கற பொம்பளைங்க எல்லாம் சாமி முன்னாடி நின்னு, வியாபாரம் நல்லா நடக்கணும்னு கேப்பாங்க. இருபது வருஷமா என்னால அதைக் கேக்க முடியலைங்க. கேட்டா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். சும்மா கும்புட்டுட்டு வந்துடுவேன். இந்த வார்த்தையைப் பார்த்ததும் மனசு கேக்கல. ஒரு ஊரு பேருக்குப் பக்கத்துல அதை எழுதலாமா? அதான் ஊருக்கு ஒரு நல்ல வார்த்தையா தேடித் தேடி எழுதினேன். அது உங்க வூட்டு முகூர்த்தத்துல இப்படி வந்து முடியும்னு நெனக்கல. மன்னிச்சிடுங்க."

முத்தமிழ்செல்வன் எழுந்தார். கோபமாக இல்லை, களைப்பாக இருந்தார். "நீங்க நல்லதுதாம்மா நெனச்சீங்க. ஆனா என் பொண்ணை அங்க ஒரு மாதிரியா பார்க்குறாங்களே. பெட்டி வந்த பொண்ணுன்னு ஆயிப்போச்சே. அதுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அந்தக் குரலைக் கேட்டு அனுசுயாவுக்கு உண்மையாகவே மனசு வலித்தது. ஆனால் அவள் மூளை வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. வார்த்தை எழுதியதால்தான் சாவு வந்தது என்று செருப்பைக் கழற்றுகிற கூட்டம் இது. அப்படியானால்...

"சார், ஒரே கேள்வி" என்று முன்னால் வந்தாள். "உங்க பொண்ணுக்குத் தட்டு மாத்துனது எப்ப?"

"போன மாசம். மூணு வருஷமா தட்டிப் போயிட்டே இருந்துச்சு. திடீர்னு ஒரு ஞாயித்துக்கிழமை அமைஞ்சுது."

"எந்த ஞாயிறு?"

"அமாவாசைக்கு அடுத்தது."

"லீலாவதிக்கா, நீங்க எழுதுனது?"

"அமாவாசை கழிச்சு வந்த வெள்ளிக்கிழமைங்க. அந்த ஞாயித்துக்கு ரெண்டு நாள் முன்னாடி" என்றாள் லீலாவதி. சொன்ன பிறகு அவளே திகைத்தாள்.

"கோகுல், இப்ப இருக்கறதைப் போடுங்க. குன்னம்."

திரை மாறியது. அதே ரோஜாப்பூ, அதே இதயங்கள். குன்னம் சுபமுகூர்த்தம்.

முத்தமிழ்செல்வன் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பி, மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்துக் கையை நீட்டினார். "பார்த்துக்கங்க. மொதல்ல வந்தது அந்த வார்த்தை. அதனாலதான் சம்பந்தமே அமைஞ்சுது. பெட்டி பின்னாடிதான் வந்துச்சு."

மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகத் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலோடு மண்டபத்தின் இறுக்கம் விட்டது. செருப்பு காலுக்குத் திரும்பியது. அடுத்த நிமிடமே வேறொரு வரிசை மேடையை நோக்கி வர ஆரம்பித்தது.

"தம்பி, செந்துறைக்கு வெறும் காதுகுத்துதானா? கொஞ்சம் பெருசா போடக் கூடாதா?"

"எங்க ஊருக்கு மக்காச்சோளத்துக்கு நல்ல வெலைன்னு போடுப்பா."

"என் மவனுக்கு விசா. ஊரு பேரு தேவையில்ல, அவன் பேரே போட்டுடு."

"அய்யா, இது ஃப்ரீசர் பாக்ஸ் வெப்சைட்டுங்க!" என்று கோகுலகிருஷ்ணன் அலறியது யார் காதிலும் விழவில்லை.

*

பெட்டியை வேனில் ஏற்றிப் பிரசாத் கதவைச் சாத்தினான். இளையபெருமாள் மனைவியைத் திட்டவும் முடியாமல், பாராட்டவும் முடியாமல் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் அனுசுயாவிடம் வந்து நின்றார்.

"பேரு தப்பிச்சிடுச்சு மேடம். பொழப்பு தப்பிக்கலையே. அந்த வார்த்தையை எழுதவும் முடியாது. எழுதலன்னா நம்மளைத் தேடி எவன் வருவான்?"

ஆளைக் கண்டுபிடிக்கத்தான் அனுசுயாவை அழைத்திருந்தார்கள். வார்த்தையைக் கண்டுபிடிக்க அவளுக்குத் தெரியாது.

அப்போது மண்டபத்துப் பக்கவாட்டுக் கதவு வழியாக முத்தமிழ்செல்வன் வந்தார். யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். நேராக லீலாவதியிடம் போனார்.

"உங்க நம்பரைக் கொஞ்சம் சொல்லுங்கம்மா."

"எதுக்குங்க?" என்றுவிட்டு லீலாவதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தத் தொழிலில் கேட்கக் கூடாத கேள்வி அது.

"எங்கப்பா..." என்று ஆரம்பித்து அவர் நிறுத்திக்கொண்டார். "ஆறு மாசமா படுக்கையிலதான் இருக்காரு."

லீலாவதி நம்பரைச் சொன்னாள். அவர் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். பெயர் எழுத வேண்டிய இடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"என்னன்னும்மா போட்டு வெக்கிறது?"

"அக்கான்னு போட்டுக்கங்க" என்றாள் லீலாவதி. "கூப்புடுற மாதிரி ஆவக் கூடாது. ஆச்சுன்னா எந்நேரம்னு பார்க்காம கூப்புடுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு எழுத்து எழுத்தாக அடித்தார். அவருக்குப் பின்னால், கொஞ்ச நேரத்துக்கு முன்பு செருப்பைக் கழற்றிய தலைப்பாகைப் பெரியவரும் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்.